நான் சுரண்டி எடுத்த ஒற்றையடிப் பாதை

மாறா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, கொசுவலை கட்டிக்கொள்கிறாயா என்று சுற்றி வளைத்து, கடைசிவரை அந்த இடத்துக்கு வராமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி மகனிடம் பொய் சொல்வது ஒன்றும் அதிசயமில்லை. மாத்திரை போட்டுவிட்டேன் என்று தினமும் சொல்கிறேனே, பாதி நாள் அதுவும் பொய்தான். ஆனால் இந்தப் பொய்யை நம்பினால் ஒரு ஊரே தன் காட்டை இழந்துவிடும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல், மேசையில் தாளை விரித்து எழுதுகிறேன். நீ மட்டும் படிப்பதற்கு எழுதவில்லை. அடுத்த மாதம் அங்கே கிராம சபை கூடும்போது எல்லோர் முன்னாலும் இதைப் படித்துக் காட்டு. எனக்குத் தலைகுனிவாக இருக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடாதே. அப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

கேட்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? இப்படிச் சொல்லு. குடியிருப்புக்கும் காட்டுக்கும் நடுவே, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்ட புஞ்சை நிலம் இருக்கிறதே, அதை வாங்கிய சிங்கப்பூர்க்காரருடைய மகள் இவள். அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கப்பலின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு துரு சுரண்டுவதுதான் வேலை. அப்படி உழைத்து, தன் வாழ்நாளில் மூன்றே முறை பார்த்த ஒரு நிலத்தை ஊரில் வாங்கிப் போட்டார். அவருக்குப் பிறகு அது எனக்கும் உன் மாமாவுக்கும் சரிபாதியாக வந்தது. நான் ஃபேரர் பார்க்கில் இதே வீட்டில் குடியிருந்துகொண்டு, அரசாங்க அலுவலகம் ஒன்றில் நிலப்படம் வரையும் வேலை பார்த்தேன். டிரேசர் என்று பெயர். அளக்கப் போனவர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவதை, நாங்கள் டிரேசிங் தாளில் மையால் எடுத்து வரைவோம். முப்பத்து நான்கு வருஷம் வரைந்தேன். என் கோட்டில் ஒரு நடுக்கம் இருக்காது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தலைக்கனம் ஏறத்தான் செய்கிறது, மன்னித்துக்கொள்.

உன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துவாஸில் துறைமுகக் கட்டுமானத்தில் எஞ்சினியராக இருந்தாய். கடலை மண் கொட்டி நிரப்பி நிலமாக்குகிற வேலை. இரண்டு வாரம் லீவு போட்டுத் தாத்தா வாங்கிய நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், வேலையை விட்டுவிட்டேன் என்று அங்கிருந்தே ஈமெயில் அனுப்பினாய். காட்டோரத்து மக்களுக்கு வன உரிமை மனு எழுத உதவுகிறேன் என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தேக்கா மார்க்கெட்டில் யாராவது விசாரித்தால், "இந்தியாவுல கன்சல்டன்ட்டா இருக்கான்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் மீன்கடையில் பக்கத்தில் நின்ற என் பழைய சிநேகிதி விடவில்லை. "என்ன கன்சல்டன்ட்? எந்தக் கம்பெனி?" என்று துருவினாள். வாயில் என்ன வந்ததென்றே தெரியாமல், "காட்டுல நண்டு பிடிக்கிறவங்களுக்கு, அது அவங்க காடுன்னு பேப்பர் வாங்கிக் குடுக்குற வேலை லா" என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் எடுத்த மீனைத் திரும்பத் தட்டில் போட்டாள். "அதெல்லாம் யாரு செய்வா இந்தக் காலத்துல? குடுத்து வச்சவ நீ" என்றாள். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது அழுதுவிட்டேன். ஒன்றரை வருஷமாக நான் மறைத்து மறைத்துப் பேசியதை அவள் ஒரே வார்த்தையில் பெருமையாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு நானே போய் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது மார்க்கெட்டில் என்னைக் கண்டால் ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்தக் காட்டின் கதையை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். உன்னைப் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்க வைத்தவள், இந்தப் பாடத்தை உன்னிடம் கேட்டேன். ஒரு காலத்தில் கடற்கரையோரம் முழுவதும் ஒரு ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. காட்டோரக் குடிகள் வருஷத்துக்கு ஒருமுறை தேனும் பாலைப்பழமும் கொண்டுபோய் ஜமீன் வாசலில் வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் காட்டுக்குள் போவதையும் வருவதையும் யாரும் கேட்டதில்லை. விறகு, தேன், பழம், அலையாத்திச் சேற்றில் நண்டு, ஆட்டுக்குத் தழை, எல்லாம் அங்கேதான். அவர்களிடம் எழுத்து ஒன்றும் இல்லை. தேவைப்படவும் இல்லை. பிறகு ஜமீன் ஒழிந்தது. காடு சர்க்காருக்குப் போனது. காட்டை ஒட்டிய புஞ்சைகளை ஜமீன் வாரிசுகள் துண்டு துண்டாக விற்றார்கள், அதில் ஒன்று என் அப்பா கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை, அத்துமீறி நுழைகிறவர்கள் என்ற பெயர்தான் வந்தது. இதையெல்லாம் நீ சொன்ன அன்று, சொந்த ஊர்க் கதையைச் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளை வாயால் கேட்கிறோமே என்று எனக்குப் புல்லரித்தது. ஆனால் வேலியைப் பற்றி நீ ஆரம்பித்ததும் பேச்சை மாற்றவும் செய்தேன். ஏன் என்று நான் உனக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "அம்மா, மீட்டிங்ல ஒரு பிளான் காட்டுனாங்க. கீழ கையெழுத்து பார்த்தேன். அது நீங்க வரைஞ்சதுதானே?" என்றாய். மாமா விற்க ஏற்பாடு செய்திருக்கும் நம் நிலத்தை வாங்கப் போகிற கம்பெனியின் வக்கீல், மனு விசாரணைக்குக் கொண்டுவந்த படம் அது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், நினைத்துப் பார்! "ஆமாண்டா, என் படம்தான். இன்னும் வச்சிருக்காங்களா? அழகா இருக்குல்ல?" என்றேன்.  "ரொம்ப அழகா இருக்கும்மா. அதான் பிரச்சினை" என்றாய். வேலி போட்ட நிலத்தைத் தவிரக் காட்டுக்குப் போக வேறு நேர்வழி கிடையாது, இந்தப் படத்தில் பாதையே இல்லை, ஆகவே இந்த ஊர்க்காரர்கள் காட்டுக்குள் வழக்கமாகப் போய்வந்தார்கள் என்பது கட்டுக்கதை என்று வக்கீல் வாதாடியதாகச் சொன்னாய். நிலத்தின் கீழ்க்கோடியில், காடு தொடங்கும் இடத்தில் நிற்கும் கல்லைக்கூட, அது பட்டாதாரர் நட்ட எல்லைக் கல் என்று சொல்லிவிட்டாராம். பிறகு ஒரு போட்டோ அனுப்பினாய். வேலிக் கம்பியில் காய்ந்த தழைக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. "இப்பவும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு தழையை வீசிட்டு, கடலோரமா சுத்திப் போறாங்கம்மா. தண்ணி ஏறினா அன்னிக்குப் போக முடியாது" என்றாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்: "அங்க ஒரு பாதை இருந்துச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?" நான் சொன்னேன்: "எனக்கென்னடா தெரியும்? மாமா குடுத்த பேப்பர்ல இருந்ததைத்தான் வரைஞ்சேன்." நீ "சரிம்மா" என்றாய். அந்த "சரிம்மா"வில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எனக்குத் தெரியும், மாறா. அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் உன் மாமாவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். அலுவலகத்தில் அப்போதுதான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன், எதைப் பார்த்தாலும் எட்டு வைத்து அளக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. கல்யாண வீட்டு அடுப்புக்கு விறகுக் கட்டு கொண்டுவந்த பெண் ஒருத்தி, என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் பாக்கியம். என் வயதுதான். "காட்டப் பாத்திருக்கியளா சிங்கப்பூரம்மா?" என்றாள். இல்லை என்றதும், "அப்ப என்னத்தப் பாத்திய?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள். குடியிருப்பு முடிகிற இடத்திலிருந்து எங்கள் புஞ்சைக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. கால்பட்டுக் கால்பட்டு இறுகி, மண் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. இருபுறமும் கேழ்வரகு முளைத்திருந்தாலும் பாதையில் ஒரு புல் இல்லை. நான் வழக்கம்போல எண்ணிக்கொண்டே போனேன். வரப்பிலிருந்து காட்டு வாசல் கல் வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு எட்டு.

அந்தக் கல் இடுப்பளவு உயரம். அதன்மேலும் அடியிலும் தழை குவிந்து கிடந்தது. மேலே பச்சை, அதற்குக் கீழே காய்ந்த சருகு, அடியில் இருந்தது மக்கி மண்ணாகவே ஆகிவிட்டிருந்தது. "காட்டுக்குள்ள போறவங்க ஒரு கொத்து ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் போகணும். வந்திருக்கேன், பாத்துக்கன்னு ஆத்தாகிட்டச் சொல்ற மாதிரி" என்றாள் பாக்கியம். செருப்பையும் கழற்றச் சொன்னாள். நான் இரண்டும் செய்யவில்லை. "நான் இந்த ஊர் இல்லையே" என்று சிரித்தேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்துச் செடியில் இரண்டு கொத்து ஒடித்து, "இது எனக்கு. இது சிங்கப்பூரம்மாவுக்கு. ஆத்தா, புதுசா வந்திருக்கு, தெரியாமப் பேசுது, மனசுல வச்சுக்காத" என்று சொல்லிக் கல்லின்மேல் வைத்தாள். பத்தாவது நிமிஷம் என் செருப்பு இரண்டும் அலையாத்திச் சேற்றுக்குள் போய்விட்டன. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று அவள் பறித்துக் கொடுத்த பாலைப்பழம் மாதிரி ஒன்றை நான் பிறகு எங்கேயும் தின்றதில்லை. நீ அடிக்கடி சொல்கிறாயே, மனுவில் முதல் கைநாட்டு வைத்த பாக்கியம் அம்மா, கூட்டத்தில் யாரையும் பேசவிடாமல் பேசுகிறவர் என்று? முதல் தடவை நீ அந்தப் பெயரைச் சொன்னபோதே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊரிலிருந்து திரும்பி வந்து, நான் வரைந்ததெல்லாம் இங்கே காலி செய்யப்போகும் கம்பங்களின் படங்கள். கம்பம் என்றால் இங்கே கிராமம். அந்த வருஷங்களில் சிங்கப்பூரில் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி அடுக்குமாடி வந்துகொண்டிருந்தது. இடிப்பதற்கு முன்னால் அங்கே இருந்தது எல்லாம் படத்தில் வர வேண்டும். வீடு, கிணறு, ரம்புத்தான் மரம், கோழிக்கூடு வரைக்கும். ஒருமுறை அளக்கப் போனவர், கம்பத்திலிருந்து ஓடைக்கரைக்குப் போகும் ஒரு நடைபாதையை விட்டுவிட்டார். எங்கள் மேலாளர் ஒரு சீனர், வாயைத் திறந்தாலே வள்ளென்று விழுவார். எப்படியோ அதைக் கண்டுபிடித்து, என் மேசைக்கு வந்து, தாளை என் முன்னால் போட்டார். "நாளைக்கு அந்த இடமே இருக்காது. இந்தப் பேப்பர்தான் இருக்கும் லா. இதுல இல்லேன்னா, அவங்க நடந்தாங்கன்னு யார் நம்புவா?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் முழுப் படத்தையும் திரும்ப வரைந்தேன். யாரோ முகம் தெரியாத மலாய்க்காரர்களும் சீனர்களும் நடந்த பாதைக்காக இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தவள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக்கூடாது.

உன்னை வயிற்றில் சுமந்திருந்தபோது மாமா ஊரிலிருந்து சர்வே ஆபீஸ் புலப்பட நகல்களைக் கொண்டுவந்தார். ஐந்து துண்டுகளாக வாங்கிய நிலம், ஐந்து கசங்கிய தாள். ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் பவர் எழுதிக் கொடுப்பதற்காக, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக வரைந்து தரச் சொன்னார். எனக்கு அலுவலகத்தில் அவ்வளவு பேர் முன்னால் வரைந்தபோதெல்லாம் வராத சந்தோஷம் வந்தது. என் அப்பாவின் நிலம், என் கையால்! வயிறு மேசையில் இடிக்கும், ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு வரைவேன், நீ உள்ளே இருந்து உதைப்பாய். கசங்கிய நகலில் பாதை இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு மங்கல். ஆனால் நகலைப் பார்க்கவே எனக்குத் தேவையிருக்கவில்லை. புள்ளிக்கோடாகப் பாதையைப் போட்டேன். பக்கத்தில் 112 எட்டு என்று சின்னதாக எழுதினேன். கோடியில் கல்லுக்கு ஒரு குறி வைத்தேன்.

மாமா பார்த்தார். "இது என்ன?" என்றார். "ஆளுங்க நடக்குற பாதைண்ணே. காட்டுக்குப் போறது." அவர் தலையை ஆட்டினார். "அதைப் போட்டா நாளைக்கு வழிப் பாத்தியம் அது இதுன்னு வந்து நிப்பாங்க. எடுத்துடு. படம் சுத்தமா இருக்கட்டும்" என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது எனக்கு. அந்தப் புள்ளிக்கோடு நிலத்தின் நடுவே கோணல்மாணலாகப் போனது எனக்கே கொஞ்சம் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. டிரேசிங் தாளில் மை போட்டால் அழிக்க முடியாது, பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டுவதில் அலுவலகத்திலேயே நான்தான் கெட்டிக்காரி. ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினேன். 112ஐச் சுரண்டினேன். கல்லைச் சுரண்டினேன். ஊதிவிட்டேன். பாக்கியத்தின் முகம் ஒரு தடவை ஞாபகத்துக்கு வந்தது. பிறகு நீ உதைத்தாய், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அந்தப் படத்தின் நகலை வைத்துக்கொண்டுதான் சித்தப்பா மகன் நான்கு பக்கமும் வேலி போட்டான். அடுத்த வருஷமே போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சரி என்று இருந்துவிட்டேன்.

அசல் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கூடத்தில் டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள். நீ தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்த படம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்ட படம். நீ போனை வைத்ததும் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன் (திட்டாதே, பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்). சட்டத்தைப் பிரித்துத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சுரண்டிய இடமெல்லாம் தாள் மெலிந்து, வெளிச்சம் அந்த இடங்களில் மட்டும் கூடுதலாக வந்தது. வரப்பிலிருந்து கல் வரைக்கும் புள்ளி புள்ளியாகப் பாதை முழுவதும் தெரிந்தது. 112கூட வாசிக்க முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷமாக அது என் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.  

செவ்வாய்க்கிழமை செம்பவாங்குக்குப் போனேன். மாமாவிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் கோழைத்தனம். எழுபத்தொன்பது வயதிலும் எனக்குக் காப்பி அவர்தான் கலந்து கொடுத்தார். "அண்ணே, அந்தப் பாதையை நான் திருப்பி வரையப் போறேன். இருந்துச்சுன்னு வாக்குமூலம் எழுதிக் குடுக்கப் போறேன்" என்றேன். "எந்தப் பாதை?" என்றார். "தெரியாத மாதிரி கேக்காதீங்க." அவர் டிவியை அணைத்தார். "விக்கிற நேரத்துல எதுக்கு இதைக் கிளப்புற? வாங்குறவன் பின்வாங்கிட்டா?" "பின்வாங்கட்டும்." "உன் கையால வரைஞ்சதை நீயே கெடுக்கப் போறியா?" "கெடுக்கலண்ணே. அன்னிக்குப் பாதியில விட்டதை முடிக்கப் போறேன்." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா கப்பலுக்கு அடியில படுத்துக் கெடந்து வாங்குன மண்ணு அது. மறந்துட்டியா?" என்றார். நானும் அழுதேன். "அப்பா வேலி போடலையேண்ணே. அவர் இருந்தவரைக்கும் அவங்க நடந்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. வேலி போட்டது நீங்களும் நானும்தான்" என்றேன்.  நான் செருப்பு மாட்டும்போது, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்று மட்டும் சொன்னார். கீழே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்கிறவர் இந்த வெள்ளி செய்யவில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீயும் கோபப்படாதே. சுரண்டச் சொன்னது அவர் வாய், சுரண்டியது என் கை. ஒருநாள் அவருக்கு மனசு ஆறும். ஆறாவிட்டாலும் நான் எழுதுவது எழுதுவதுதான்.

மனு போட்டவர்கள் அல்லாத ஒரு வயதானவர் பார்த்ததை எழுதிக் கொடுத்தால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்றாயே, அப்படி ஒருவர் கிடைக்காமல் அலைகிறோம் என்றாயே. கிடைத்துவிட்டாள். என் பங்குக்கு நான் கொடுத்த பவரை ரத்து செய்யச் சிராங்கூன் ரோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை என் பங்கு நிலத்தில் யாரும் நடக்கலாம், அதையும் எழுதித் தந்துவிட்டேன். வாக்குமூலம் தனியாக இருக்கிறது. அதில் அழுகை எல்லாம் இல்லை, அளவு மட்டும்தான். பழைய தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட வேண்டும், அந்த வக்கீலைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். புதுப் படமும் வரைந்தேன். ஐந்து நாள் ஆனது. பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, எல்லைக் கோடுகள் நான்கும் லேசாக அசைந்துவிட்டன. அந்தக் காலத்து மேலாளர் பார்த்தால் தூக்கி எறிந்திருப்பார். புள்ளிக்கோட்டுக்கு மட்டும் அது பரவாயில்லை. நடந்தவர்கள் யாரும் ஸ்கேல் வைத்து நடக்கவில்லையே.

உனக்கு அறிவுரை சொல்ல என்னிடம் இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் வேலையில் நீயும் நாளைக்குக் கெட்டிக்காரன் ஆவாய், ஊரே உன் மனுக்களைப் புகழும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கெட்டிக்காரர்களுக்குத் தன் கையும் தெரியாது. எழுதி முடித்ததை அந்த இடத்தில் நடக்கிறவர்களிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள். அவ்வளவுதான். மற்றபடி, மாறா, பெற்ற வயிறு குளிர்ந்திருக்கிறது. படத்தில் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் நீ அதை மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பதிலாக, முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய். நான் சொன்ன பொய்யையும் நம்பினாய். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று இப்போது தேக்காவில் நின்று கத்த வேண்டும் போலிருக்கிறது. அந்தச் சட்டம் சுவரில் காலியாக இருக்கிறது. வன உரிமைப் பட்டயம் வந்தால் ஒரு நகல் அனுப்பு, அதை மாட்டிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் மனசு மாறிவிட்டது. டிக்கெட் போட்டுவிட்டேன். கடிதம், படங்கள், வாக்குமூலம் எல்லாவற்றையும் நானே கொண்டுவருகிறேன். கூட்டத்தில் நீ படி, நான் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது திட்டினால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். பாக்கியத்திடம் போய்ச் சொல்லு: செருப்பைச் சேற்றில் விட்ட சிங்கப்பூரம்மா வருகிறாள், தன் பங்கு வேலியைத் திறந்துவிட்டு, இந்தத் தடவை வெறுங்காலோடு நடப்பாள். அன்றைக்கு எனக்காக அவள் கல்லில் ஒரு கொத்துத் தழை போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு எட்டும் கூடவே நடந்துபோய், அவளுக்காக ஒரு கொத்து நான் போட வேண்டும்.

உன் அம்மா